மெஷின் திரும்பி வந்த விதம்

உங்கள் நாற்காலி வசதியாக இருக்கிறது. பிரசவ வார்டில் எனக்குக் கொடுத்திருந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். மாற்றித் தரும்படி எத்தனையோ தடவை கேட்டேன். கிணற்றில் போட்ட கல்தான். நாற்காலிக்கே இப்படியென்றால் மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வார்டுக்கு நான் தலைமை டாக்டராகப் போனபோது, குழந்தைகள் வயிற்றிலேயும் பிறந்த கையோடும் செத்துக்கொண்டிருந்தன. நாய் படாத பாடு பட்டு, பச்சிளம் குழந்தைகளுக்கென்று ஒரு டாக்டரையும், மூச்சு விடச் சிரமப்படும் குழந்தைக்குக் காற்றுக் கொடுக்கும் ஒரு மெஷினையும் வாங்கினேன். சாவு குறைந்தது. சாவுக் கணக்கைக் கோடு போட்டுப் பார்க்க மேலதிகாரி ஒருவர் வருவார். நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் கிராஃப் சார். கோடு கீழே இறங்கியதைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"உங்ககிட்டதான் இப்ப சாவே இல்லையே டாக்டர். அந்த மெஷினும் டாக்டரும் தேவைப்படற இடத்துக்குப் போகட்டுமே," என்றார்.

"மருந்து சாப்பிட்டுத்தான் சார் காய்ச்சல் இறங்கியிருக்கு. இறங்கிடுச்சேன்னு மருந்த நிறுத்துவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த வாரமே இரண்டும் கைவிட்டுப் போயின.

அப்போதும் நாங்கள் விடவில்லை. கையால் பையை அமுக்கி அமுக்கியே குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுத்தோம். விரல் மரத்துப்போகும். மேலிடத்தில் போய்க் கேட்டபோதெல்லாம், அதுதான் சமாளிக்கிறீர்களே என்றார்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் சமாளிப்பதே எங்களுக்கு வினையாகிறது என்று புரிந்தது. அதனால் சமாளிப்பதை நிறுத்தினேன்.

கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. முதல் பிள்ளைக்காரிகளை நான் இதில் இழுக்கவே இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஒன்றிரண்டு பிள்ளைகள் இருப்பவர்கள், இது போனாலும் எப்படியும் தேறிவிடுவார்கள். முதலில் வந்தவள் ஒரு தையல்காரி. என் வெள்ளைக் கோட்டுக்குக் காசு வாங்காமல் பை வைத்துத் தந்தவள். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, வயிற்றில் குழந்தையின் வளர்ச்சி நின்றிருந்தது. இப்படி வந்தவளை அன்றே சேர்த்துக் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

"கண்ணு முன்னால பூச்சி பறக்குது டாக்டரம்மா," என்றாள்.

"ஒன்னுமில்லம்மா. வீட்டுக்குப் போய்ப் படு. அடுத்த வாரம் வா."

இரண்டு நாளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்குத் துடிப்பு இல்லை. சாப்பிடக்கூடப் போகாமல் பக்கத்திலேயே இருந்து தாயைக் காப்பாற்றினேன். தாய்மார் விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்ததே கிடையாது. கண் விழித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் நான் போயே போயிருப்பேன் என்றாள். அழுதுவிட்டேன். அது நடிப்பு இல்லை.

அவளுக்குப் பிறகு இன்னும் சிலர். கோடு ஏறியது. கிராஃப் சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் திரும்பி வந்தார், மெஷினும் வந்தது. அதற்கப்புறம் பிழைத்த குழந்தைகளைப் பெற்றவர்களிடம் போய்க் கேளுங்கள், நான் கெட்டவளா என்று.

போன வாரம் கிராஃப் சார் மறுபடி வந்தார். கோடு நன்றாக இறங்கிவிட்டதாம். மெஷினை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறாராம்.

நேற்று ஒரு பஸ் டிரைவரின் மனைவி வந்தாள். மூன்றாவது பிள்ளை. கால் வீக்கம், விடாத தலைவலி. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்த நர்ஸ்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், வந்தவள் யார், எந்தத் தெரு என்று கவனிக்கவில்லை. பெயரும் விலாசமும் எழுதிய சீட்டை நான் கிழித்துப்போட்டுவிட்டேன். வீடு எனக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றில் குழந்தை இந்நேரம் உயிரோடுதான் இருக்கும்.

சொல்கிறேன். அதற்கு முன்னால், மெஷினை எடுக்க மாட்டோம் என்று கிராஃப் சாரை எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குக் குழந்தைகள்தான் முக்கியம்.