பொய்க்குச் சிவக்கும் துப்பாக்கி

நான் யார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைப்பவன் அல்ல சார். எதிர்வீட்டுக்காரர் மருந்துக்கடையை மாற்றியதும், மாடிவீட்டு ஆசிரியை திடீரென்று உதட்டுச்சாயம் பூசுவதும் தானாகக் கண்ணில் படுகின்றன. கண்ணை மூடிக்கொண்டா நடக்க முடியும்?

கணினி விளையாட்டுகளுக்கு ஆயுதம் வடிவமைப்பது என் வேலை. புது விளையாட்டு இருநூறு வருடம் கழித்து, ஜப்பான் சாயலில் ஒரு நகரத்தில் நடக்கிறது: வளைந்த கூரைகளுக்கு மேலே பறக்கும் ரயில், மழையில் மிதக்கும் காகித விளக்குகள். அதை வரைந்தது அண்ணி. இருவருக்கும் ஒரே கம்பெனி. துப்பாக்கி என்னுடையது. கறுப்பு அரக்குப் பூச்சு, கைப்பிடியில் மந்திரம் எழுதிய தாள். எதிரில் நிற்பவன் பொய் சொன்னால் தாள் சிவக்கும். சிவந்தால்தான் சுடும்.

கண்காட்சிக்காக மரத்தில் ஒன்று செய்தோம். அது சுடாது, சிவக்க மட்டும் செய்யும். கட்டைவிரலுக்கு அடியில் பொத்தான். எல்லா டெமோவிலும் அழுத்த ஓர் ஆள் உண்டு. இங்கே அந்த ஆள் நான். பொத்தான் இருப்பது எனக்கும் ஒயர் வைத்த டெக்னீஷியனுக்கும் மட்டுமே தெரியும்.

கண்காட்சி மேடையில் அண்ணனை நிறுத்தி, சிகரெட்டை விட்டாயிற்றா என்று கேட்டேன். விட்டாச்சு என்றான். தாள் சிவந்தது. கூட்டம் சிரித்தது, அவன் முகம் வெளுத்துப்போனது. முந்தின நாள் அவன் சட்டையை மோந்து பார்த்தவன் நான். அதன்பிறகு வீட்டு மேசையில் அதை வைத்தாலே அண்ணன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வான். பொத்தானைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்தப் பயம் பார்ப்பதற்கு மரியாதை மாதிரி இருந்தது.

அண்ணி மூன்று வாரமாக போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். நான் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். ஒன்றுமில்லை என்பார். ஒன்றுமில்லாததற்கு எதற்குக் கிசுகிசுப்பு? அண்ணன் காதில் போட்டு வைத்தேன். வற்புறுத்தவில்லை, போட்டுத்தான் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணி படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன். நான் துப்பாக்கியை நீட்டினேன்.

"யார்கிட்ட அண்ணி பேசுறீங்க?"

"என் தங்கச்சிகிட்ட. அதக் கீழ வைங்க தம்பி, விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு."

தாள் சிவந்தது. அண்ணன் அதைப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்தான். தள்ளிவிட்டான். பதினான்கு படி. கடைசிப் படியில் தலை. அண்ணி அப்புறம் எழவில்லை.

போனில் பேசியது எங்கள் முதலாளியிடம் என்று விசாரணையில் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். வேலையைவிட்டு எடுக்கப்படுபவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்ததாம். கொழுந்தனை எடுத்துவிடாதீர்கள், அவர் ரோஷக்காரர், நான் கேட்டது தெரிய வேண்டாம் என்று கெஞ்சினாராம்.

ஆக, தங்கையிடம் பேசவில்லை. பொய்தானே சார் சொன்னார்? பொத்தானை அழுத்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தள்ளுவான் என்று தெரிந்துதான் படியருகே வைத்துக் கேட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது பொய் என்று என் விரலுக்கு எப்படித் தெரிந்தது, அதை யோசித்தீர்களா?

துப்பாக்கி உங்கள் மேசையில்தான் இருக்கிறது. என் பக்கம் நீட்டிக் கேளுங்கள், அண்ணி மேல் உனக்கு ஏதாவது வன்மமா என்று.

இல்லை.

பாருங்கள், சிவக்கவில்லை. பேட்டரியைக் கழற்றித் தனி உறையில் போட்டுவிட்டோம் என்று உங்கள் ஏட்டு சொல்கிறார். அவருக்கு இந்தத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?