நாற்பத்தெட்டு மெழுகுவர்த்திகள்

விலைச் சீட்டை உரிப்பதற்கு ஹேர் ட்ரையரை மிஞ்சிய கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நகத்தால் சுரண்டுகிறவர்கள் தொழிலுக்குப் புதுசு. பெட்ரோல் தொட்டுத் துடைக்கிறவர்கள் அவசரக்காரர்கள். அட்டை நாறும், வாங்கினவர் மூக்கைச் சுளிப்பார், வலைத்தளத்தில் இரண்டே நட்சத்திரம் போடுவார். குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இருபது விநாடி காட்ட வேண்டும். பிறகு மூலையைத் தூக்கி மெதுவாக இழுத்தால் மஞ்சள் தள்ளுபடிச் சீட்டு முழுசாகக் கையோடு வந்துவிடும். அட்டை அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி பளபளக்கும்.

டிடெக்டிவ் மேடம், நீங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஹீட்டரிலிருந்து கசியும் விஷவாயுவை உணர்ந்து கத்துகிற கார்பன் மோனாக்சைடு அலாரத்தை என்னிடம் வாங்கிய நாற்பத்தாறு வீடுகளின் முகவரி உங்களுக்கு வேண்டும். நான் சரக்கு விற்கிற வலைத்தளக் கம்பெனியின் வக்கீல்கள் திங்கட்கிழமைக்கு முன்னால் தர மாட்டார்கள். இன்று சனி. வெளியே உறைபனி. அத்தனை வீட்டிலும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள், நான் ஒன்றும் செவிடு இல்லை. தருகிறேன். ஆனால் வரிசையாகச் சொல்லாவிட்டால் என்னை ஏதோ அயோக்கியன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் தொழில் எளிமையானது. நம் டொலீடோ ஊரைச் சுற்றியிருக்கும் கடைக்காரர்கள், தங்களுக்கு அலுத்துப்போன சரக்கைக் கடைசி வரிசையில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். நான் போய் பார்கோடு மேல் போனைக் காட்டுவேன். வலையில் அது என்ன விலைக்குப் போகிறது என்று போன் சொல்லும். நவம்பர் முதல் தேதி, மாறுவேஷப் பண்டிகை முடிந்த மறுநாள், மூன்று டாலருக்கு நாய்க்குப் போடும் டைனோசர் உடுப்பு வாங்குவேன். அடுத்த அக்டோபரில் அதே உடுப்பைப் பத்தொன்பது டாலருக்கு ஒரு நாயின் சொந்தக்காரர் எனக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். கடைக்காரன் வேண்டாம் என்று எறிந்ததை வேண்டும் என்கிறவரிடம் சேர்ப்பதுதான் என் வேலை. பாதிரியார்கள்கூட இவ்வளவு பேரைச் சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் பெரிஸ்பர்க் பக்கம் ஒரு வீட்டுச் சாமான் கடையை மூடினார்கள். எல்லாம் எண்பது சதவீதத் தள்ளுபடி. கடைசி நாள் என்பதால் அலமாரியைக்கூட விற்றுக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் ஒரு மரப்பலகைமேல் நாற்பத்தெட்டு அலாரம், பிளாஸ்டிக் சுற்றி உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு வெள்ளைத் தாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிவப்புச் சீட்டு. டோரீன்தான் கல்லாவில் இருந்தாள். பதினெட்டு வருடம் அங்கே வேலை பார்த்தவள். அன்று சாயங்காலத்தோடு அவளுக்கு வேலை இல்லை.

"அதைத் தொடாத கண்ணு, அது பழுதுன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிட்ட சரக்கு. குப்பைக்குப் போகுது," என்றாள்.

"குப்பைக்குப் போறதுக்கு என் வண்டி போதாதா?"

"மெஷின்ல காட்டினா விக்காதேன்னு பூட்டிக்கும். நானா பூட்டுறேன்?"

"மெஷின்ல காட்டவே வேணாம் டோரீன். வேற ஏதாச்சும் பேர்ல அடி."

"என்ன பேர்ல அடிக்கிறது, உன் பேர்லயா?"

"மெழுகுவர்த்தின்னு அடி. வாசனை மெழுகுவர்த்தி. ஒண்ணுக்கு ரெண்டு டாலர்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கடையின் காலி அலமாரிகளைப் பார்த்தாள். "பதினெட்டு வருஷத்துக்கு ஒரு கேக்குகூட வெட்டல இவனுங்க," என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தெட்டு முறை மெழுகுவர்த்தி அடித்தாள். "வீட்டுல எரிச்சுத் தொலைக்காத," என்று சிரித்தாள். அந்த ரசீதுதான் உங்கள் கையில் இருப்பது. டோரீனை விட்டுவிடுங்கள், அவள் பாவம். நான் குப்பைத்தொட்டியில் போடுவதாக அவளிடம் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். சொல்லவில்லை, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளைத் தாளை நான் படித்தேனா என்று கேட்டீர்கள். படித்தேன். நான் எல்லாவற்றையும் படிப்பவன். சில அலாரங்கள் வாயுவை உணராமல் போகலாம் என்று இருந்தது. சில என்றால் எத்தனை என்று போடவில்லை. கம்பெனி வக்கீல்கள் தங்கள் நிழலைப் பார்த்தே பயப்படுகிறவர்கள், அவர்கள் எழுதுவதையெல்லாம் நம்பினால் இந்த நாட்டில் ஒரு ஏணிகூட விற்க முடியாது. தாளின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. பட்டனை அழுத்தினால் மணி அடிக்கும், அது மணியை மட்டும்தான் சோதிக்கும், உள்ளே வாயுவை உணரும் பாகத்தைச் சோதிக்காது என்று.

சிவப்புச் சீட்டு மஞ்சளைவிடப் பிடிவாதம். முப்பத்தைந்து விநாடி பிடித்தது. நாற்பத்தெட்டையும் ஒரே மதியத்தில் உரித்தேன். ஒரு பெட்டியில்கூடக் கீறல் இல்லை. கை வேலை என்று பார்த்தால் நான் செய்ததிலேயே அதுதான் சுத்தம்.

சரக்குக்குச் சீசன் வந்திருந்தது. குளிர் ஏற ஏற ஆர்டர் குவிந்தது. இருபத்தாறு டாலர், அனுப்புகிற செலவு இலவசம். எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஒருவர், சத்தமே போடுவதில்லை, பழைய அலாரம் எதற்கெடுத்தாலும் கத்தும், இது அடக்கமாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார். என் மனைவி ஷெல்பியிடம் அதைப் படித்துக் காட்டினேன். "உன்னைவிட நல்ல புருஷன்போல," என்றாள்.

இப்போது ஃபிண்ட்லே ஊரில் இருக்கும் அந்த வீட்டுக்கு வருகிறேன். மார்லா ஹட்சன்ஸ் செவ்வாய்க்கிழமை மதியம் எனக்குச் செய்தி அனுப்பினாள். அதை நீங்கள் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

"அண்ணே, ஒரு சந்தேகம். மூணு நாளா எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே தலைவலி. காலைல ஆபீஸ் போனா சரியாயிடுது, வீட்டுக்கு வந்தா திரும்ப ஆரம்பிக்குது. ஹீட்டரா இருக்குமோன்னு அவர் பயப்படறார். உங்க அலாரம் ஒண்ணும் சொல்லல. அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்கறது? இல்ல, திருப்பி அனுப்பிடட்டுமா?"

என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள். பாதுகாப்புச் சாமானில், சரியில்லை என்று சொல்லி ஒருவர் திருப்பி அனுப்பினால் போதும், வலைத்தளம் விசாரணை என்று கணக்கை முடக்கிவிடும். வருடம் முழுக்கச் சேர்த்த பொம்மை, டைனோசர், எல்லாம் கராஜில் தூங்கும். நான்கு வருடம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பெயர். ஒரு தலைவலிக்காக.

ஆறு நிமிடத்தில் பதில் போட்டேன். சீக்கிரம் பதில் சொன்னால் தளத்தில் மதிப்பு கூடும்.

"கவலைப்படாதீங்கம்மா. நடுவுல இருக்கிற பட்டனை அழுத்துங்க. கத்துச்சுன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். இந்த சீசன்ல ஊருக்கே காய்ச்சல். நிறைய தண்ணி குடிங்க, ஜன்னலை நல்லா சாத்திட்டு ரெஸ்ட் எடுங்க."

ஜன்னல் விஷயத்தை நான் ஒரு அக்கறையில்தான் எழுதினேன். வெளியே அவ்வளவு குளிர்.

"கத்துது, கத்துது. நாயே கட்டிலுக்கடியில ஓடிடுச்சு," என்று பதில் வந்தது. "நல்லவேளை உங்களைக் கேட்டேன். தெரியாத மனுஷங்களுக்கு யாரு இப்படி உடனே பதில் சொல்றாங்க இந்தக் காலத்துல." ஐந்து நட்சத்திரமும் போட்டாள்.

வியாழக்கிழமை அவள் கணவன் டேல் வேலைக்கு வரவில்லை என்று கூட வேலை செய்கிறவர் போய்க் கதவைத் தட்டினார். மற்றது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜன்னலெல்லாம் நன்றாகச் சாத்தியிருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நாய் மட்டுமாவது பிழைத்ததா என்று கேட்டேன், நீங்கள் மறுபடியும் முகவரிகளைக் கேட்டீர்கள்.

நான் நிதானமாக இருக்கிறேன் என்கிறீர்கள். நான் ஹீட்டரைப் பழுதாக்கவில்லை. புகைக்குழாயை அடைக்கவில்லை. அலாரத்தைச் செய்தவன் நான் இல்லை. இந்தச் சங்கிலியில் மிகச் சின்னக் கண்ணி நான்தான், அதிலும் மிக மரியாதையாகப் பேசிய கண்ணி. என் பதிலை வாசித்துப் பாருங்கள், ஒரு எழுத்துப்பிழைகூட இருக்காது.

முகவரிகள் என் போனில், அனுப்பியவை என்ற கோப்பில் இருக்கின்றன. கடவுச்சொல்லை இந்தத் தாளில் எழுதிவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். அவர்களை நேரில் போய்ப் பாருங்கள், போன் பண்ணுங்கள், தீயணைப்பு வண்டியே அனுப்புங்கள். தளம் வழியாக மட்டும் செய்தி அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நாற்பத்தாறு பேரும் ஒரே நாளில் திருப்பி அனுப்புவார்கள்.

நாற்பத்தாறும் மார்லாவும் சேர்த்து நாற்பத்தேழு. நாற்பத்தெட்டாவது எங்கே என்று கேட்டீர்கள். நேற்று உங்கள் ஆட்கள் என் வீட்டைச் சோதித்தபோது பிள்ளைகள் அறைச் சுவரில் மாட்டியிருப்பதுதான் அது என்று கழற்றப் பார்த்தார்களாம். ஷெல்பி சொன்னாள். அது இல்லை. நாற்பத்தெட்டாவது கராஜில் பெட்டியோடு இருக்கிறது. விற்பனைக்கு என்று தளத்தில் போடுவதற்கு முந்தின நாள் ஷெல்பி அதைத்தான் கையில் எடுத்தாள்.

"இதுல ஒண்ணைப் பிள்ளைங்க ரூம்ல மாட்டிடறேன், ட்ரெண்ட்."

"அதை அங்க வை."

"ஏன், ஒண்ணு குறைஞ்சா உன் சாம்ராஜ்யம் சரிஞ்சுடுமா?"

"வைன்னு சொல்றேன்ல ஷெல்பி. வேற வாங்கிட்டு வரேன்."

அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். வேறு கம்பெனி. முப்பத்தொன்பது டாலர், முழு விலை. என் பெண்கள் இரண்டு பேரும் தூங்குகிற அறை, மேடம். அந்த விஷயத்தில் விளையாடக் கூடாது, இல்லையா.