ஞாயிற்றுக்கிழமை வலிக்காத வயிறு

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலையில் மருந்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு, ஆள் குறைகிறதென்று தேடி வந்த கங்காணி, பெரிய வைத்தியர்போல அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிச்சா வலிக்குது, ஞாயித்துக்கிழமை வலிக்கல. இது என்னா வயிறு புள்ள?”

“தெரியலிங்க. டாக்டரய்யா மூணு தடவ அமுக்கிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு. வெளக்கெண்ணெய்க்கும் கேக்கல.”

“ஒண்ணுமில்லாத வயித்துல என்னா வலி? எல்லாம் நடிப்பு.”

“போன ஞாயித்துக்கிழமையும் வலிச்சிச்சுங்க.”

“அன்னிக்கு ஏது பெரட்டு?”

“பெரட்டு இல்லிங்க. நீங்க எங்க லயத்து வீட்டுப் பக்கம் வந்தீங்க.”