லைற் சுவிச்சைத் தொடாதேங்கோ

“ஹலோ… ஹலோ, கோசலை! கோவிலாலை வெளிக்கிட்டிட்டியளோ?… வெளிக்கிட்டாச்சோ! ஐயோ… இல்லை, இல்லை, ஒண்டுமில்லை. ஓம், ஓம், மாப்பிள்ளை ஆக்கள் வந்திட்டினம். அதுக்கில்லை எடுத்தனான்…”

எதற்கு எடுத்தார் என்று மனைவியிடம் சொல்ல யோகநாதனுக்கு நாக்கு எழவில்லை. பிரெஞ்சுப் புறநகரான எபினேயில், கலியாண மண்டப வாசலில் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கைக்குட்டையைத் தேடிப் பட்டுச் சட்டைப் பைக்குள் கைவிட்டபோது அகப்பட்டது ஒரு சின்னப் பீங்கான் பியூஸ். மறந்துபோகக் கூடாதென்று காலையிலேயே பைக்குள் போட்டுவைத்துவிட்டு, அதையும் மறந்திருந்தார். மகள் மிருணாளினி மணப்பெண்ணாக வந்துகொண்டிருக்கும் காருக்குள் இருக்கவேண்டிய சாமான் அது.

“கோசலை, மெல்லமாக் கதையும். பெர்னார் அண்ணைக்குக் கேக்கக்கூடாது… தெரியும், அவர்தானே ஓட்டுறார். லைற் சுவிச்சைத் தொடவேண்டாமெண்டு அவருக்குச் சொல்லும்… ஏனெண்டு கேக்காதேயும். சும்மா சொல்லுமன்!”

சும்மா சொன்னால் கேட்கிற பெண்ணா கோசலை? முப்பது வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

“சரி, சொல்லுறன். கத்தாதேயும்… போன கிழமை அந்தச் சுவிச்சைத் திருத்தினன் எல்லே… ஓம், நான்தான். திருத்தி முடிச்சுப் போட்டுப் பாக்க, பியூஸ் எரிஞ்சுபோச்சு. அந்தப் பழைய காருக்கு ஏத்த பியூஸ் கையிலை இல்லை. அதாலை, எரிஞ்ச பியூஸைச் சுத்தி… சிகரெட் பெட்டி வெள்ளிப் பேப்பரை… ஓம். வெள்ளிப் பேப்பர்தான்.”

புதுச்சேரிக்காரரான பெர்னார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். கோசலையின் வயதிருக்கும் அந்தக் கறுப்புக் காரைப் பிள்ளையைப் போலப் பார்ப்பவர். அவருடைய காரில் லைற் சுவிச் நாலுதரம் தட்டினால் ஒருதரம் வேலை செய்யும். மகள் ஏறப்போகிற கார், நானே திருத்தித் தருகிறேன் என்று யோகநாதன் வலியப் போய் வாங்கிக்கொண்ட வேலை இது. செப்புத் தகட்டில் பிடித்த பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்தார். வெள்ளிப் பேப்பர் சுற்றிய பியூஸோடு லைற் பளிச்சென்று எரிந்தது. பெர்னார் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். அதற்குப் பிறகு வெள்ளிப் பேப்பரைப் பற்றி எப்படிச் சொல்வது? பக்கத்து ஊரான ஒபர்வில்லியேயில் தேடித் தேடிச் சரியான பியூஸை வாங்கியும் விட்டார்; அவருக்குத் தெரியாமல் மாற்றிவிட நினைத்திருந்தார்.

“ஊரிலை கார் திருத்திற கராச்சிலை அப்பிடித்தானே செய்தனாங்கள். சண்டையாலை சாமான் வராத காலம்… ஓம், அங்கை ஒரு காரும் எரியேல்லைத்தான். ஆனால் அங்கை லைற்றை ஆர் போட்டது? பொம்மர் குண்டு போட வருமெண்டு இருட்டுக்கைதானே ஓடினது!”

தன் வாயால் சொல்லிய பிறகுதான் யோகநாதனுக்கே அது உறைத்தது.

“கேளும், கோசலை. பியூஸ் எரிஞ்சால் கார் தப்பும். இந்த வெள்ளிப் பேப்பர் எரியாது. இது எரியாட்டி உள்ளுக்கை வயர்தான் எரியும்… நிப்பாட்டச் சொல்லும்… என்ன, நல்ல காரியத்துக்குப் போற கார் இடையிலை நிக்கக்கூடாதோ? எலுமிச்சம்பழம் நசிச்சு வெளிக்கிட்டதோ… அம்மா தாயே, எலுமிச்சம்பழம் வயரைக் காப்பாத்தாது!… சரி, இப்ப எங்கை நிக்கிறியள்?… ஒட்டோறூட் பெருந்தெருவிலையோ! அப்ப சுரங்கப் பாதை வரப்போகுதே!”

நடந்துபோகும்போதுகூடச் சிவப்பு விளக்கைக் கடக்காத மனுசன் பெர்னார். சுரங்கப் பாதைக்குள் லைற் போடாமல் ஓட்டுவாரா?

“சொல்லும் அவருக்கு! எல்லாத்தையும் சொல்லும். என்ரை மானம் போனாப் போகட்டும்… கத்திச் சொல்லும், அந்த இஞ்சின் சத்தத்திலை அவருக்குக் கேளாது… ஹலோ? கோசலை?… ஹலோ!”

இரைச்சல்தான் கேட்டது. மாப்பிள்ளையின் தாய் அருள்மலர் பன்னீர்ச் செம்போடு வந்து, பொம்பிளை எங்கே என்று சைகையால் கேட்டார். யோகநாதன் சிரித்துத் தலையாட்டினார். சிரித்த வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது. பின் இருக்கையில் விரிந்து கிடக்கும் மகளின் பட்டுச்சேலை நினைவுக்கு வந்தது. அந்தக் காரின் பின்கதவு, இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்கும். போனைக் காதோடு அழுத்தினார்.

“ஹலோ! ஹலோ!… வெளியிலை வந்தாச்சோ? பிள்ளையாரே… லைற் போட்டவரோ?… முழுக்கவுமோ! இப்ப?… வெளியிலை வந்த உடனை நிப்பாட்டிப்போட்டாரோ. சரி… மணக்குதோ?… கற்பூரமோ வயரோ தெரியேல்லையோ? கோவிலடியிலை காட்டின கற்பூரம் இவ்வளவு நேரமா மணக்கும்? றப்பர் எரிஞ்ச மாதிரியோ?… எட்டி, சுவிச்சுக்குக் கீழை தொட்டுப் பாரும்… ஆர், பிள்ளை தொட்டவவோ? அவவைத் தொட விடாதேயும்!… கொதிக்குதோ…”

கொதிக்கிறதாம். யோகநாதன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“லைற் போடாமல் மெல்ல வந்தால் ஆறிப்போகும். இன்னொருக்கால் போட்டால் பத்தும்… விளங்குதோ? கண்ணாடியை இறக்கும்… தலை கலைஞ்சால் கலையட்டும்!… ஓம், எனக்கு மூளை இல்லைத்தான். பிறகு பேசும்… பெர்னார் அண்ணைக்கு முழுக்கச் சொன்னனீரோ?… தலையாட்டுறாரோ? அந்த மனுசன் கேளாததுக்கும் தலையாட்டும்! திருப்பிச் சொல்லும்!… போனை வையாதேயும். வாசல் வரைக்கும் வையாதேயும்…”

கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்துவிட்டது கார். பூமாலை கட்டிய கறுப்பு மூக்கு திருப்பத்தில் தெரிந்ததும் மேளம் எழுந்தது. யோகநாதனுக்கு மூச்சு வந்தது. சரி, தப்பியாயிற்று என்று நினைத்த அந்தக் கணத்தில், வீடியோக்காரன் ஐங்கரன் கமராவோடு பின்னுக்கு நடந்துகொண்டே கையைத் தூக்கி, விரல்களை விரித்து விரித்து மூடினான். லைற்றைப் போடுங்கோ, படம் வடிவாக வரும் என்று அர்த்தம். கண்ணாடிக்குள் பெர்னாரின் முகம் பூரித்தது. தன் காரை ஊரே பார்க்கிற நேரமல்லவா? தலையாட்டினார். கை சுவிச்சுக்குப் போயிற்று.

“கோசலை! கையைப் பிடியும்!… பிள்ளையின்ரை கையை இல்லை, அவற்றை கையை! பெர்னார் அண்ணையின்ரை கையை!… ஆர் பாத்தாலென்ன! வீடியோவிலை விழுந்தாலென்ன! வெக்கத்தை விட்டிட்டுப் பிடியும், கோசலை, பிடியும்!”

கோசலை போனைத் தோளோடு இடுக்கிக்கொள்ள, பின் இருக்கையிலிருந்து காப்புப் போட்ட இரண்டு கைகள் பாய்ந்து வந்து பெர்னாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. பெர்னார் திகைத்துப்போய் பிரேக்கை மிதித்தார். சம்பந்தியம்மாவின் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு சரிந்தது. ஐங்கரன் ஒன்றையும் விடாமல் படம் எடுத்தான்.

“அப்பிடியே பிடிச்சிரும்… விடாதேயும். பிள்ளையை அங்காலைப் பக்கத்தாலை இறங்கச் சொல்லும். ரண்டு கையாலும் இழுத்தால் கதவு திறக்கும்… ஓம், இறங்கிறா, எனக்குத் தெரியுது. இறங்கிட்டா, கோசலை. பிள்ளை இறங்கிட்டா… அழாதேயும். பியூஸ் என்ரை கையிலைதான் கிடக்கு. நான் வந்து போடுமட்டும் அந்தக் கையை விடாதேயும்… இந்தா, வந்திட்டன்.”

யோகநாதன் போனை வெட்டிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மேளக்காரரை இடித்துத் தள்ளியபடி ஓடினார்.