வயிற்றை ஏமாற்றும் கொட்டை

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மருந்து ஆராய்ச்சி படிக்கிறவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவள் மடியில் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை. அக்காள் சேர்த்து வைத்துக் கொடுத்தது.

“வயித்தை ஏமாத்தணும்க்கா, அம்புட்டுத்தான்” என்றாள் தங்கை. அதைக் கேட்டதும்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்சுலினை மாத்திரையாக் குடுத்தா, வயிறு அதைப் பருப்புன்னு நெனச்சு செரிச்சுப்புடுது. அதான் இந்தக் கொட்டையில பசை எடுத்து, மருந்துக்கு மேல பூசுறோம்.”

“எம் மக போன வருஷம் முழுங்குன புளியங்கொட்டை, மறுநா முழுசா வெளிய வந்துச்சேடி. மருந்தும் அப்படியே வந்துட்டா?”

“அதான்க்கா எங்க பாடே. வயித்துல கரையக் கூடாது. குடலுக்குப் போனதும் கரையணும்.”

“ரெண்டாப்புப் படிக்கிற எம் புள்ளைக்குச் சர்க்கரைன்னு தெனம் நாலு ஊசி. தொடையில குத்த எடமில்ல. எப்பத்தான் வரும் ஒன் மாத்திரை?”

“இன்னும் வருஷக் கணக்காகும்க்கா. இப்பத்தான் எலிக்குக் குடுத்துப் பாக்குறோம். போன வாரம் ஒரு எலிக்குச் சர்க்கரை நல்லா எறங்குச்சு.”

“ஊசி போடாமயா?”

“ஊசியே போடல.”

அக்காள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“கொடுத்து வச்ச எலிடி.”