உதடு ஒட்டாத பாட்டு

— நேத்து டிவில நம்ம பாட்டு வந்துச்சே, பாத்தியா பூரணி? டேப்பு ஒண்ணு பாடுது, உன் உதடு வேற ஒண்ணு சொல்லுது. பஞ்சாயத்து டிவி முன்னாடி ஊரே உக்காந்திருக்குது. எனக்கு மானமே போச்சு.

— பாத்தேன். நீ பாதியில எழுந்து போனதையும் பாத்தேன் சம்பத்ணா.

— காலைல மெட்ராஸ்லருந்து அந்த டிவி டைரக்டரு நம்ம கம்பெனி ஆபீஸ் போனுக்கே கூப்புட்டுக் கத்துறாரு. புதுசா வர்ற பாட்டுக் குழுவுங்களுக்குன்னு வாராவாரம் அரை மணி ஒதுக்குறோம், ஆம்பூர்க்காரங்களுக்கு வாயசைக்கக் கூடத் தெரியாதான்னு. வருசக்கணக்கா கல்யாண வீட்ல அடுத்தவன் சினிமாப் பாட்ட வாசிச்சிக்கினு கெடந்தோம். மொத தடவ நம்ம சொந்தப் பாட்டு. அதையும் கெடுத்துட்ட.

— இதக் கேக்கத்தான் தையல் மிஷின்லருந்து என்னை வெளிய கூப்புட்டியா?

— பின்ன இன்னா, உள்ள வெச்சா கேக்க முடியும்?

— சரி, கேளு. சொந்தப் பாட்டுன்னியே, யாரோட பாட்டு அது?

— நம்ம குழுவோட பாட்டு.

— அது ஜம்புலிங்கத்தோட பாட்டு. எங்கண்ணன். உன் பக்கத்துல உக்காந்து ட்ரம்ஸ் அடிச்சவன். இங்க தோல் பதப்படுத்துற டேனரியில கழிவுக் குழியில எறங்கி வெசக்காத்துல செத்தான். குடிச்சிட்டு விழுந்துட்டான்னு இந்தக் கம்பெனி எழுதிக் குடுத்துச்சு. எங்கம்மா இன்னிக்கும் கொழாயடிக்குப் போறதில்ல. குடிகாரன் அம்மான்னு சொல்வாங்களாம். அதுக்குத்தான் நான் பாட்டு கட்டினேன்.

— எனக்குத் தெரியாதா? அவன் எனக்குத் தோஸ்த் இல்லயா?

— தோஸ்து. ஸ்டுடியோல மைக்கு முன்னாடி நிக்க வெச்சி, கடைசி நேரத்துல புது வரிய கையில திணிச்சியே, அப்ப எங்க போச்சு அந்தத் தோஸ்து? "குழியில எறங்குன ஜம்பு குடிக்கல, கயிறு குடுக்காம எறக்குனது யாரு"ன்னு நான் எழுதினேன். நீ இன்னா எழுதின? சொல்லு, உன் வாயால சொல்லு.

— விடு பூரணி.

— "கரையில நடக்குற காத்து தூங்கல, கண்ணுல மையிட்டது யாரு." தூ. செத்தவன் பேர எடுத்துட்டு மை வெக்கிறியா?

— மெட்ராசுக்குப் போக வேன் குடுத்தது முதலாளி. எல்லாருக்கும் லீவு குடுத்தது முதலாளி. பாட்ட ஒரு தரம் படிச்சிக் காட்டுன்னாரு. காட்டினேன். அந்த ரெண்டு வரி இருந்தா ஒருத்தனும் திரும்பி வேலைக்கு வர வேணாம்னாரு. கிடார் வாசிக்கிறவன், ஆர்மோனியம், நானு, நீ, அல்லாருக்கும் இங்கதான சோறு? இன்னா பண்ணச் சொல்ற?

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீ பாடியிருப்பியா?

— பாடியிருக்க மாட்டேன்.

— அதான் சொல்லல. அந்த நேரத்துல பாடிட்ட இல்ல? அதோட விட்டுத் தொலைக்கலாமே. பாலாத்து மணல்ல படம் எடுக்கும்போது டேப்பு ஓடுது, அதுக்கு வாய அசைச்சா போதும். அங்க போயி உன் பழைய வரிய அசைச்சிருக்க. அந்தக் கேமராக்காரன் வேற உன் மூஞ்சிய அவ்ளோ பெருசா காட்டித் தொலைச்சிட்டான்.

— காட்டட்டும்னுதான் அசைச்சேன்.

— பைத்தியமா நீ? சத்தம் வந்தாத்தான் பாட்டு. கேட்டது என் வரிதான். உன் வாயில இருந்தது எவனுக்குத் தெரியும்? உதடு ஒட்டலன்னு சிரிச்சதுதான் மிச்சம்.

— ஆம்பளைங்க சிரிச்சாங்க. பொம்பளைங்க யாருனா சிரிச்சாங்களா? பாத்தியா?

— அத ஏன் கேக்குற?

— நீ ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்க, உனக்குத் தெரியாது. தையல் செக்ஷன்ல வாயத் தொறந்தா சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாரு. தொறந்தாலும் மிஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. அதனால நாங்க சத்தமே இல்லாம உதட்டாலதான் பேசிக்குவோம். கொழந்தைக்கு ஜொரம், மாமியா சண்டை, எல்லாம் அப்படித்தான். கடைசி மிஷின்ல இருக்கறவ சொல்றது மொத மிஷினுக்குத் தெரிஞ்சிடும்.

— அப்படின்னா நேத்து...

— நேத்து அவங்க அத்தினி பேரும் டிவி முன்னாடிதான் இருந்தாங்க.

— பூரணி, என் வேலையே போய்டும்.

— எங்கண்ணன் உசுரே போச்சு.

— பூரணிக்கா, இங்கயா இருக்கீங்க? சீக்கிரம் வாங்க. உள்ள நம்ம செக்ஷன்ல ஒரு மிஷினும் ஓடல.

— இன்னா ஷஹீன், கரண்ட் போச்சா?

— கரண்ட் இருக்குது சம்பத்ணா. நாங்கதான் நிறுத்திட்டோம். அல்லாரும் கைய மடியில வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க. சத்தமே இல்ல, உதடு மட்டும் அசையுது. அக்கா நேத்து சொன்ன அந்த ரெண்டு வரியேதான், திரும்பத் திரும்ப. முதலாளி வந்து நடுவுல நின்னு இன்னா சொல்றீங்கன்னு கத்துறாரு. ஒருத்தியும் பதில் குடுக்கல.

— ஐயோ. இப்ப நான் இன்னா செய்யறது?

— உங்களத்தான் கூப்புடுறாரு அண்ணா. டிவில பாட்டு எழுதினது சம்பத்துன்னுதான போட்டாங்க. அவருக்கு ஒண்ணும் புரியலயாம், அவங்க உதடு சொல்ற வரி இன்னான்னு நீங்க வந்து அல்லாருக்கும் கேக்கறாப்புல சத்தமாச் சொல்லணுமாம்.