பச்சை டிக்கு

அந்த ஸ்டூல கீழ வைக்காதீங்க மேடம். வைக்காதீங்கன்றேன் இல்ல. கபடி புள்ளைங்க வரட்டும், அப்பால குதிக்க வுடலாம். மொதல்ல நான் கேக்குறதுக்கு பதில் சொல்லுங்க.

இன்னாவா? போன தபா முட்டி டெஸ்ட்டுன்னு வந்து, புள்ளைங்கள இதே ஸ்டூல்லேருந்து குதிக்க வுட்டு செல்லுல வீடியோ புட்ச்சீங்களே, ஞாபகம் கீதா? ஜமுனாவுக்கு முட்டி உள்ள சாயுது, ஆடுனா ஜவ்வு அறுந்துடும்னு அவ பேருக்கு நேரா செவப்பு டிக்கு போட்டீங்க. உங்ககூட வந்த தம்பி அதே வீடியோவ பாத்துட்டு, சாயலையே மேடம்னாரு. ஒரே காலு, ஒரே குதி, ஆளுக்கொரு பேச்சு. இது இன்னா டெஸ்ட்டு?

அந்தப் பொண்ணு அவ நைனாகூட ஏரிக்கு மீன் புடிக்கப் போறவ. போட்டுலேருந்து சேத்துல எறங்கசொல்லோ முட்டிய ஒட்டிக்கினு தான் குதிப்பா, இல்லன்னா காலு ரெண்டும் அகண்டுகினு வழுக்கிடும். அந்தப் பழக்கத்துல ஸ்டூல்லேருந்தும் அப்டியே குதிச்சா. அதுக்குப் போயி டீம்லேருந்தே தூக்கிட்டாரு கபடி சொல்லித்தர்ற சுப்பராயலு மாஸ்டரு. இன்னா அழுக அழுதா தெரியுமா?

ஹேமாவதி பொன்னேரி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவ. போட்டு பக்கமே போவ மாட்டா. லீவுக்கு வந்தவ, நீங்க சொல்லிக் குட்த்த மாதிரியே நேரா குதிச்சா. பச்சை டிக்கு. மாஸ்டரும் ஜமுனா எடத்துல அவள எறக்கிட்டாரு. இன்னா ஆச்சி? மேட்ச்சுல ஒரு பொண்ணு கால புட்ச்சி இஸ்த்தா, இவ திரும்புனா, பட்டுன்னு ஒரு சத்தம். ஜவ்வு அறுந்துபோச்சி.

குத்துமதிப்பா தான் சொல்ல முடியுமா? அத அன்னிக்கே புள்ளைங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா மேடம்? கலர் கலரா டிக்கு போட்டுட்டுப் போனா அதுங்க இன்னான்னு நெனைக்கும்? சாமி வாக்குன்னு தான் நெனைக்கும்.

ஜமுனாவா? அவளுக்கு இன்னா, அதோ மீன் காயுற எடத்துல காக்கா தொரத்திக்கினு ஓடிக்கினு கீறா, பாருங்க. ஐய, நான் அவ அம்மா இல்ல மேடம். ஹேமாவதி தான் என் பொண்ணு.

கால நீட்டிக்கினு வூட்ல கீறா. அந்த மேடம் வந்தா ஒண்ணு கேட்டுக்கினு வாம்மான்னு அனுப்புனா. பச்சை குட்த்தாங்களே, அப்ப நான் எங்க தப்பு பண்ணேன்னு கேக்கணுமாம். எனக்கு சொல்லத் தெரியல. ஸ்டூல இங்கியே வுட்டுட்டு வாங்க. நீங்களே அவகிட்ட சொல்லுங்க.